கையில் இறுகாத பட்டை

என் இதயத்தை ஒரு மணி நேரம் நிறுத்தி வைக்கப்போவதாக அறுவை சிகிச்சை டாக்டர் சொன்னபோது நான் கேட்ட முதல் கேள்வி, “அந்த நேரத்துல நான் எங்க இருப்பேன்?” என்பதுதான்.

“மேஜையில இருப்பீங்க” என்றார் அவர். சிரிக்கவில்லை. சிரிக்காத டாக்டர்களைக் கண்டால் எனக்குப் பாதி உயிர் அங்கேயே போய்விடும். மீதிப் பாதியைப் பிடித்து வைத்துக்கொள்ள நான் இன்னும் இரண்டு வேடிக்கை சொல்லியாக வேண்டும். பயம் வந்தால் எல்லோருக்கும் வாய் உலரும். எனக்கு வாயில் ஊற்றெடுக்கும்.

தூத்துக்குடியில், திருச்செந்தூர் போகிற சாலையோரத்து உப்பளம் ஒன்றில் நான் சூப்பர்வைசர். வயது ஐம்பத்திரண்டு. உப்பு மூட்டை ஏற்றுகிறவர்களிடம் கதை சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் நெஞ்சில் முதல் பிடி பிடித்தது. கதையில் ஒரு லாரி டிரைவர் மூச்சுத் திணறுகிற இடம். நானும் திணறினேன். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். “அண்ணாச்சி அப்படியே நடிக்காவ பாருலே!” என்று ஒருவன் விசிலடித்தான். நான் மண்ணில் உட்கார்ந்த பிறகும் இரண்டு பேர் அடுத்த கட்டத்துக்காகக் காத்திருந்தார்கள்.

மூன்று குழாயில் அடைப்பு. பைபாஸ் செய்ய வேண்டும். குளிர்ந்த பொட்டாசியம் கரைசலை இதயத்துக்குள் விடுவார்களாம். அது துடிப்பதை நிறுத்திவிடுமாம். வெளியே ஒரு மெஷின் ரத்தத்தை ஓட்டிக்கொண்டிருக்க, இவர்கள் தைப்பார்களாம். உப்பை வாரிய பிறகு பாத்தியில் மிஞ்சுகிற கசப்புத் தண்ணீரில் என்னென்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். பொட்டாசியமும் அதில் உண்டு.

“டாக்டர், அதை நாங்க வேண்டாம்னு ஓடையில விடுதோம். நீங்க நெஞ்சுக்குள்ள விடப்போறிய” என்றேன்.

அவர் அதற்கும் சிரிக்கவில்லை. பக்கத்தில் நின்ற இளம் பெண் டாக்டர் மட்டும் ஃபைலால் வாயை மறைத்துக்கொண்டார். என்னுடைய கெட்ட காலம் அந்தச் சிரிப்பில்தான் தொடங்கியது. அடுத்த நாள் அவர் ஒரு படிவத்தோடு என்னிடம் வந்தார். அங்கே அவர் ஓர் ஆய்வு நடத்திக்கொண்டிருந்தார்.

“சார், இதயத்துக்கு ரத்தம் நின்னா தசை கெடும். அது எல்லாருக்கும் தெரியும். ஆனா நின்ன ரத்தம் திரும்ப வரும்போதும் கொஞ்சம் கெடும். இந்த ரெண்டையும் எப்படிக் குறைக்கிறதுன்னுதான் பார்க்கிறோம்.”

இது எனக்கு உடனே பிடிபட்டது. உப்புப் பாத்தியின் தரை களிமண். காலால் மிதித்து மிதித்து இறுக்கியது. தண்ணீர் இல்லாமல் காய்ந்தால் வெடிக்கும். வெடித்த தரையைப் பார்த்துப் பதறி, எவனாவது வாய்க்காலை முழுசாகத் திறந்துவிட்டால் தீர்ந்தது. வந்த தண்ணீர் தரையைப் பெயர்த்து, சேற்றைக் கிளப்பி, அந்தப் பாத்தியையே நாசம் செய்துவிடும். நாங்கள் நாலு விரல் அகலத்துக்குத்தான் மடை திறப்போம். இதைச் சொன்னதும் டாக்டரம்மா கண்கள் விரிந்தன.

“அதேதான் சார்! இதை நான் என் அடுத்த பேஷண்டுக்குச் சொல்லலாமா?”

“தாராளமா சொல்லுங்கம்மா. ஆனா நான் உயிரோட இருக்கேனான்னு பார்த்துட்டுச் சொல்லுங்க.”

ஆய்வு இதுதான். ஆபரேஷனுக்கு முன்னால், பிரஷர் பார்க்கிற பட்டையைப் போல ஒன்றைக் கையில் கட்டுவார்கள். காற்றடித்து இறுக்கி, ஐந்து நிமிடம் கைக்கு ரத்தமே போகாமல் நிறுத்துவார்கள். பிறகு ஐந்து நிமிடம் விடுவார்கள். இப்படி நாலு முறை. கை படுகிற பாட்டை ரத்தத்தின் வழியாகவோ நரம்பின் வழியாகவோ இதயம் தெரிந்துகொண்டு, தனக்கும் அப்படி ஒரு கஷ்டம் வரப்போகிறது என்று உஷாராகிவிடக்கூடும் என்பது நம்பிக்கை. எப்படித் தெரிந்துகொள்கிறது என்று யாருக்கும் முழுசாகத் தெரியாதாம். எனக்கு வியப்பாக இருந்தது. என் கை எத்தனையோ காரியம் செய்திருக்கிறது, ஒன்றையாவது இதயத்திடம் சொல்லிவிட்டுச் செய்ததாக ஞாபகமில்லை.

“ஆனா ஒண்ணு சார்” என்றார் டாக்டரம்மா. “பாதிப் பேருக்குத்தான் நிஜமா இறுக்குவோம். மீதிப் பேருக்குச் சும்மா கட்டி, லேசா காத்தடிச்சு விட்டுருவோம். அப்பத்தான் ஒப்பிட்டுப் பார்க்க முடியும். யாருக்கு எதுன்னு கம்ப்யூட்டர் சீட்டுப் போடும். மெஷினை ஓட்டுறவருக்கு மட்டும்தான் தெரியும். எனக்கே தெரியாது. விருப்பம் இல்லைன்னா நீங்க சேர வேண்டாம்.”

உலகத்தில் வேறு எந்த ஊரிலும் இந்த இடத்தில் நோயாளி என்ன கேட்பானோ தெரியாது. நான் குரலைத் தாழ்த்தி, “இதுக்கு யாரைப் பார்க்கணும்?” என்று கேட்டேன்.

“யாரையும் பார்க்க முடியாது சார். சீட்டு.”

“சீட்டுப் போடுறவரை?”

“கம்ப்யூட்டர்.”

கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்ததும் மச்சானுக்கு, அதாவது என் மனைவியின் தம்பிக்கு, போன் போட்டேன். கேஸ் சிலிண்டரிலிருந்து பள்ளிக்கூட இடம் வரை அவன் எதையும் வரிசையில் நின்று வாங்கியதில்லை. திருச்செந்தூர்க் கோயிலில் சூரசம்காரத்துக்கு லட்சம் பேர் நிற்கிற கூட்டத்திலும் ஒருவர் கதவைத் திறந்து அவனை உள்ளே விடுவார். அந்த ஒருவர் யார் என்று கடவுளுக்கே தெரியாது.

“கம்ப்யூட்டர்னா என்ன அத்தான்? அதைத் தட்டுறவன் மனுசன்தானே” என்றான். இரண்டாம் நாள் போன் வந்தது. “முடிச்சாச்சு. உங்களுக்கு நல்லா இறுக்கச் சொல்லியாச்சு.”

“யார்கிட்டலே சொன்ன?”

“கேன்டீன்காரர் மூலமா. ரெண்டு டப்பா மக்ரூன் போயிருக்கு.”

ஆஸ்பத்திரியின் கேன்டீன்காரருக்கும் ஆய்வின் சீட்டுக்கும் என்ன தொடர்பு என்று நான் யோசிக்கவில்லை. பயந்தவனுக்கு யோசனை ஓடாது. அன்று மதியம் நன்றாகத் தூங்கினேன்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் வார்டில் சேர்த்தார்கள். பக்கத்துக் கட்டிலில் காயல்பட்டினத்துக்காரர் ஒருவர். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டுத் திரும்பியவர். அவர்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள். நான் அவரைக் காக்கா என்றேன், அவர் என்னை அண்ணாச்சி என்றார். மறுநாள் காலையில் இரண்டு தியேட்டரில் இரண்டு பேருக்கும் பைபாஸ். அவர் முதலில், நான் அரை மணி நேரம் கழித்து. அவரும் அதே படிவத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார்.

“ஏசி கம்ப்ரஸர் நின்னா உடனே போடக் கூடாது அண்ணாச்சி” என்றார் அவர். “மூணு நிமிசம் பொறுக்கணும். பொறுக்காமப் போட்டா எரிஞ்சு போயிரும். டாக்டரம்மா சொன்னதும் எனக்கு இதுதான் தோணுச்சு.”

“காக்கா, உங்க கம்ப்ரஸருக்கு வாரண்டி இருக்கா?”

“அது அல்லாஹ்கிட்டல்லா இருக்கு.”

“நமக்கு எல்லாம் பேசி முடிச்சாச்சு” என்று சொல்லி, சிபாரிசுக் கதையை அவருக்கு விளக்கினேன். அவர் வெகுநேரம் என்னைப் பார்த்தார். “கம்ப்யூட்டருக்கு மக்ரூன் பிடிக்குமா அண்ணாச்சி?” என்று மட்டும் கேட்டார். வரலாற்றிலேயே முதல்முறையாக என்னை ஒருவர் என் முகத்துக்கு நேரே கிண்டல் செய்தார். அவரை எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

காலை ஆறரை மணிக்கு இரண்டு மெஷின்கள் வந்தன. பச்சைத் துணி போர்த்தியிருந்தார்கள், எண்களைப் பார்க்க முடியாது. நடுவே திரையை இழுத்தார்கள். எங்கள் இருவர் கையிலும் பட்டை ஏறியது. என் மெஷின் உர்ர் என்றது. திரைக்கு அப்பால் அவருடையதும் உர்ர் என்றது.

நான் பல்லைக் கடித்துக் காத்திருந்தேன். பட்டை, தையல்காரர் கொஞ்சம் பிடித்துத் தைத்த சட்டைக் கை அளவுக்குத்தான் பிடித்தது. அதோடு நின்றுவிட்டது.

“தம்பி, இன்னும் கொஞ்சம் அடிக்கலாம்” என்றேன் மெஷின்காரரிடம்.

“பேசாம படுங்க சார்.”

“நான் தாங்குவேன் தம்பி. உப்பளத்துக்காரன்.”

திரைக்கு அப்பாலிருந்து ‘ஸ்ஸ்’ என்று ஒரு சத்தம். சற்று நேரத்தில் “யா அல்லாஹ்” என்று இன்னொரு சத்தம். நாலு முறை உர்ர் என்று போய் நாலு முறையும் புஸ் என்று வந்தது. நாலு முறையும் என் விரல்கள் ரோஜாப்பூ நிறத்தில் சுகமாக இருந்தன.

மெஷின்கள் போனதும் திரையை நானே இழுத்தேன்.

“காக்கா, எப்படி இருந்துச்சு?”

அவர் என் முகத்தை ஒரு கணம் பார்த்தார். “கொசு உக்காந்த மாதிரி இருந்துச்சு அண்ணாச்சி. உங்களுக்கு?”

“யா அல்லாஹ்னு சத்தம் கேட்டுச்சே?”

“அது நான் எப்பவும் சொல்லுறதுதானே.”

சொல்லிக்கொண்டே ஆஸ்பத்திரிச் சட்டையின் கையை இழுத்து விட்டுக்கொண்டார். அதற்குள் நான் பார்த்துவிட்டேன். மேல்கையைச் சுற்றி, வளையல் போட்டதுபோல் ஒரு சிவப்புத் தடம். விரல்களை வேறு மடக்கி மடக்கி நீட்டிக்கொண்டிருந்தார். இறுக்கியது அவருக்கு. எனக்குச் சும்மா.

அந்த நிமிடத்தில் எனக்கு வந்த பீதியை இன்று நினைத்தாலும் சிரிப்பு வருகிறது, அன்று வரவில்லை. உஷார்ப்படுத்தப்பட்ட இதயம் பக்கத்துக் கட்டிலில் இருக்கிறது. என்னுடையது ஒன்றும் தெரியாமல், கல்யாண வீட்டுக்குப் போகிறவனைப் போல, தியேட்டருக்குப் போகப்போகிறது. நிறுத்துவார்கள். திரும்ப ரத்தம் வரும். மடையை முழுசாகத் திறப்பார்கள். தரை பெயரும்.

மனைவி முகம் கழுவிவிட்டு உள்ளே வந்தாள்.

“ஏளா, அந்தத் துண்டை எடு. கரண்டி ஒண்ணு கொண்டு வந்தியே, அதையும் எடு.”

“ஆபரேஷனுக்கு முந்தி ஒண்ணும் திங்கக் கூடாதுன்னு சொல்லிருக்காவ.”

“திங்கதுக்கு இல்ல. என் கையில கட்டி முறுக்கு. அஞ்சு நிமிசம் இறுக்கணும், அஞ்சு நிமிசம் விடணும்.”

“உங்களுக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு?”

“உயிர் போற காரியம்ளா.”

“முந்தாநாள் மூணாவது மக்ரூன் கேட்டப்பவும் இதைத்தான் சொன்னிய.”

நான் கெஞ்சினேன். அவள் என் கண்ணைப் பார்த்தாள். அங்கே வேடிக்கை எதுவும் இல்லை என்று தெரிந்திருக்க வேண்டும். துண்டை எடுத்து மடித்தாள். மல்லிகைப்பூக் கட்டினாலும் சரி, சீர்வரிசை மூட்டை கட்டினாலும் சரி, அவள் கட்டினால் அவிழ்க்கக் கத்தரிக்கோல் வேண்டும். முடிச்சுக்குள் கரண்டிக் காம்பைச் செருகி இரண்டு முறுக்கு முறுக்கினாள். கை மரத்தது. விரல்கள் வெளுத்து, பிறகு கத்திரிக்காய் நிறத்துக்கு வந்தன. வலியில் உயிர் போயிற்று. நான் ஆனந்தமாகப் படுத்திருந்தேன்.

“போதுமா?”

“இன்னும் ஒரு நிமிசம்.”

“எத்தனை வருசமா உங்களைக் கட்டிப் போடணும்னு நினைச்சேன் தெரியுமா? ஆனா கையை இல்ல. வாயை.”

பக்கத்துக் கட்டிலில் காக்கா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். சிரிப்புதான். “போதும் அண்ணாச்சி, எனக்கு இங்கனயே வந்துரும் போல இருக்கு!”

இரண்டாவது சுற்று முறுக்கிக்கொண்டிருந்தபோது டாக்டரம்மா உள்ளே வந்தார். ஃபைலைக் கட்டிலில் எறிந்துவிட்டு ஓடிவந்து முறுக்கை அவிழ்த்தார். நாடி பார்த்தார். விரல் ஒவ்வொன்றையும் அழுத்தி, நிறம் திரும்புகிறதா என்று பார்த்தார்.

“யார் கட்டினா?”

நான் மனைவியைக் காட்டினேன். மனைவி என்னைக் காட்டினாள்.

“நரம்பு நசுங்கிக் கை விளங்காமப் போயிருந்தா என்ன சார் செய்வீங்க? பட்டையில அளவு இருக்கு, நேரம் இருக்கு, பக்கத்துல ஆள் இருக்கு. துண்டுல என்ன இருக்கு?” மூச்சு வாங்க உட்கார்ந்தார். “இப்ப உங்க ஃபைல்ல நான் ஒரு குறிப்பு எழுதணும்.”

“என்னன்னும்மா?”

“நோயாளி தாமே கட்டிக்கொண்டார்னு.”

நான் வேடிக்கையாக ஏதோ சொல்லப் பார்த்தேன். வாயில் ஊற்று வற்றியிருந்தது. “எனக்கு நிஜப் பட்டை கிடைக்கலம்மா” என்றேன். குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

டாக்டரம்மாவின் கோபம் கொஞ்சம் இறங்கியது. “சார், அந்தப் பட்டை உதவுமான்னே எங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா சீட்டு எதுக்கு? எல்லாருக்கும் கட்டிருப்போமே. சின்னச் சின்ன ஆய்வுகள்ல பலன் இருக்கிற மாதிரி தெரிஞ்சுது. பெரிசா செஞ்சு பார்த்தப்ப அப்படித் தெரியல. அதான் இன்னும் பார்த்துட்டிருக்கோம்.”

“அப்ப என்னைக் காப்பாத்தப் போறது எது?”

“அந்தக் குளிர்ந்த கரைசல். இதயம் வேலை செய்யாமக் குளிர்ந்து கிடந்தா அதுக்கு ரத்தம் கொஞ்சம்தான் வேணும். நடுவுல நடுவுல திரும்பத் திரும்பக் கொடுப்பாங்க. ரத்தத்தைத் திரும்ப விடும்போது பார்த்துப் பார்த்துத்தான் விடுவாங்க. இது உங்களுக்கும் உண்டு, அவருக்கும் உண்டு. இதுக்குச் சீட்டு கிடையாது.”

எல்லாம் புரிந்தது. புரிந்தபின் பயம் குறைய வேண்டும் அல்லவா? எனக்குக் கூடியது. இதுவரை பயத்துக்குப் பிடித்துக்கொள்ள ஒரு பட்டையாவது இருந்தது. அதையும் எடுத்துவிட்டார்கள்.

“நான் வீட்டுக்குப் போறேன்” என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. நானும் சிரிக்க வைப்பதற்காகச் சொல்லவில்லை. டாக்டரம்மா, “உங்க முடிவுதான் சார். ஆனா மூணு அடைப்பும் உங்களோடதான் வீட்டுக்கு வரும்” என்றார். மனைவி துண்டை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். நான் காலைத் தரையில் வைத்துச் செருப்பைத் தேடினேன். ஒரு செருப்பு கிடைத்துவிட்டது.

அப்போது காக்காவை அழைத்துப்போக ஸ்ட்ரெச்சர் வந்தது. ஏறிப் படுத்தவர், தள்ளுகிறவரை நிற்கச் சொல்லிக் கையைக் காட்டினார்.

“அண்ணாச்சி, பொய் சொல்லிட்டேன். எனக்கு நல்லா இறுக்குச்சு. கை கழண்டு போற மாதிரி.”

“தெரியும் காக்கா.”

“அப்ப எனக்குப் பயம் போயிருக்கணும்லா? போகல. பாருங்க, கால் நடுங்குது.” போர்வைக்குக் கீழே நிஜமாகவே நடுங்கியது. “எனக்குக் கையும் வலிக்குது, பயமும் இருக்கு. உங்களுக்குப் பயம் மட்டும்தான். உங்க பாடு பரவால்ல.”

நான் எட்டி அவர் போர்வையைக் கால்வரை இழுத்துவிட்டேன்.

“நான் முன்னால போறேன், நீங்க பின்னால வாங்க” என்றார். “முழிச்சுப் பார்க்கையில பக்கத்துக் கட்டில்ல உங்க பேச்சுச் சத்தம் கேக்கணும். கேக்கலன்னா நான் எங்க இருக்கேன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

ஸ்ட்ரெச்சர் போய்விட்டது. ஒரு காலில் செருப்போடு உட்கார்ந்திருந்தேன். ஓடிப்போகலாம்தான். ஆனால் பயந்த ஒருவர் என்னை நம்பி முன்னால் போயிருக்கிறார். மனைவி குனிந்து அந்தச் செருப்பைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். கண்ணில் படாத தூரத்துக்குத் தள்ளினாள்.

அந்த ஆய்வில் நான் எந்தப் பக்கம் என்று இன்றுவரை யாரும் எனக்கு எழுதித் தரவில்லை. என் பெயர் கணக்கில் இருக்கிறதா, துண்டு கட்டிய குற்றத்துக்காக ஓரத்தில் நிற்கிறதா என்பதும் தெரியாது. மச்சான் மட்டும் உறுதியாக இருக்கிறான்: “உங்களுக்கு இறுக்கிருக்கும் அத்தான். உங்க தோல் தடிச்ச தோலு, உறைக்கல.”

தியேட்டரில் குளிர். முகத்தில் ஏதோ ஒன்றை வைத்தார்கள். லாரி டிரைவர் கதையைத் தொடங்கினேன். டிரைவர் வண்டியில் ஏறுவதற்குள் எல்லாம் போய்விட்டது.

முதலில் திரும்பி வந்தது காது. ஏதோ கருவி ஒரே சீராகக் கூவியது. பிறகு நெஞ்சில் ஒரு பாரம். கண்ணைத் திறக்க முடியவில்லை. பேசலாம் என்று பார்த்தால் வாய்க்குள் குழாய். தொண்டை வரை குழாய். என் வாழ்க்கையில் முதல்முறையாகப் பேச விஷயம் இருந்தது, வாய் இல்லை.

பக்கத்திலிருந்து, கரகரத்த, மெலிந்த குரல் ஒன்று வந்தது. குழாயை அவருக்கு முன்னதாகவே எடுத்திருக்க வேண்டும்.

“அண்ணாச்சி?”

நான் கத்தினேன். சத்தம் வரவில்லை.

“அண்ணாச்சி… இங்கன இருக்கியளா?” குரல் இந்த முறை நடுங்கியது. “சிஸ்டர், பக்கத்துல யாரு? ஏன் சத்தமே காணும்?”

நர்ஸ் பக்கத்தில் இல்லைபோலும். பதில் வரவில்லை. எனக்குத் தெரியும், அந்தக் கட்டிலில் ஒரு மனிதர் தான் எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் படுத்திருக்கிறார். கையைத் தூக்கப் பார்த்தேன். துண்டு கட்டிய கை, மரக்கட்டை மாதிரி கனத்தது. இழுத்து இழுத்துக் கட்டிலின் இரும்புக் கம்பி வரைக்கும் கொண்டுபோய், மோதிர விரலின் எலும்பால் தட்டினேன். டிங். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி தட்டினேன். டிங், டிங், டிங். தவில்காரனுக்குக் கோபம் வந்தால் தட்டுவானே, அப்படித் தட்டினேன்.

நர்ஸ் ஓடிவந்து என் கையைப் பிடித்தார். “சார், சார், ஆட்டக் கூடாது! டியூப் போட்டிருக்கு!”

அந்தப் பக்கம் ஒரு நீண்ட மூச்சு.

“அல்ஹம்துலில்லாஹ்” என்றார் காக்கா. “ஹயாத்தோட, உசுரோட இருக்கார். சிஸ்டர், அவர் கையை விட்டுருங்க. வாயில குழாய் போட்டா அவருக்குக் கையிலதான் பேச்சு வரும்.”

நர்ஸ் விடவில்லை. ஆகவே நான் காலால் தட்டினேன்.